ஆர்சனிக்கை எந்த உயிராலும் அழிக்க முடியாது: பிறகு செல் எப்படித் தப்பிக்கிறது?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆர்சனிக் எல்லா உயிருக்கும் விஷம் என்று படித்தோம். ஆனால் ஆர்சனிக் நிறைந்த ஏரியிலும் பாக்டீரியா வாழ்கிறது என்கிறார்கள். செல்கள் ஆர்சனிக்கை எப்படி அழிக்கின்றன? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் நம் உடம்புக்கும் அது பழகிவிடுமா?"

சென்னையில் பல வருடங்களாக உயிர்வேதியியல் பாடம் எடுத்துவருகிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அதனால் பதிலும் நீளமாகத்தான் வரும்.

கேள்வியில் இருக்கும் 'அழிக்கின்றன' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். பாம்பு விஷம் ஒரு புரதக் கலவை. அதை வெட்ட நொதிகள் உண்டு, சூடு பட்டாலும் அது குலைந்துபோகும். சயனைடு கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்தது. நம் கல்லீரல் அதில் ஒரு கந்தக அணுவை ஒட்டி, வீரியம் குறைந்த வேறொரு பொருளாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடும். ஆர்சனிக் அப்படியல்ல. அது ஒரு தனிமம், அணு எண் 33. அணுவை உடைக்கும் நொதி உலகில் எந்த உயிரிடமும் இல்லை. உள்ளே வந்த ஆர்சனிக் அணு ஒவ்வொன்றும் ஆர்சனிக் அணுவாகவே வெளியே போக வேண்டும், அல்லது உள்ளேயே எங்காவது அடைபட்டுக் கிடக்க வேண்டும். செல்லால் முடிந்ததெல்லாம் அதை உள்ளே விடாமல் தடுப்பது, கட்டிப்போடுவது, வெளியே தள்ளுவது, வேறு உருவுக்கு மாற்றுவது. இவை ஒவ்வொன்றும் எப்படி நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான உண்மையான பதில்.

ஆர்சனிக் நம் ஊருக்குப் புதிய சரக்கும் அல்ல. சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை என்று சொல்வதெல்லாம் ஆர்சனிக் சேர்ந்த பொருள்கள். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் நிற அரிதாரமும் அதுவே. நடிக்க வந்தவர்களை 'அரிதாரம் பூசியவர்கள்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் குறித்தது ஆர்சனிக்கும் கந்தகமும் பிணைந்த ஒரு கனிமத்தை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஆர்சனிக்குக் கந்தகத்தின்மீது தீராத பற்று. மண்ணுக்கடியில் அது கந்தகத்தோடு சேர்ந்தே கிடக்கிறது. செல்லுக்குள் வந்தாலும் கந்தகத்தைத்தான் தேடிப் போகிறது. அதனால் நேரும் சாவும் கந்தகத்தால்தான், அதற்கு எதிரான காவலும் பெரும்பாலும் கந்தகத்தால்தான்.

ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து எடுக்கும் உருவங்களில் ஆர்சனேட், ஆர்சனைட் என்ற இரண்டு பெயர்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் தாராளமாக உள்ள நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனேட்டாக இருக்கும். காற்றுப் புகாத சேற்றில், ஆழ்துளைக் கிணற்று நீரில், ஆர்சனைட்டாக இருக்கும். இரண்டும் செல்லுக்குள் நுழைவது வேறு வேறு வேஷத்தில்.

தனிம அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்சனிக் இருக்கிறது. ஆர்சனேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் ஒரே வடிவம், ஒரே மின்னேற்றம், அளவிலும் மிகச் சிறிய வித்தியாசம். டி.என்.ஏ. கட்டவும், சவ்வு கட்டவும், ஆற்றலைக் கையாளவும் செல்லுக்குப் பாஸ்பேட் வேண்டும். அந்த வாசலை மூடிவிட்டு ஒரு செல்லும் பிழைக்க முடியாது. அந்த வாசல் வழியாகத்தான் ஆர்சனேட் வருகிறது. ஆர்சனைட்டின் வழி இன்னும் நுட்பமானது. சாதாரண நீரில் அதற்கு மின்னேற்றமே கிடையாது. ஒரு ஆர்சனிக், அதைச் சுற்றி மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள், அவ்வளவுதான். கிட்டத்தட்ட கிளிசரால் மாதிரித் தோற்றம். எனவே கிளிசராலுக்கும் நீருக்கும் இருக்கும் சவ்வுக் கால்வாய்கள் வழியாக நழுவி உள்ளே வந்துவிடும். (நீர்க் கால்வாய்ப் புரதத்தைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கால்வாய்கள்தான் இவை.) இப்படி ஒரு வழி நம் கல்லீரல் செல்களிலும் இருக்கிறது.

உள்ளே வந்தபின் ஆர்சனேட் செய்யும் வேலை ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்க வைப்பது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. தயாராகும்போது பாஸ்பேட் உட்கார வேண்டிய இடத்தில் ஆர்சனேட் உட்காரும். ஆனால் அந்தப் பிணைப்பு நிற்காது, நீர் பட்டதும் உதிர்ந்துவிடும். செல் உழைத்துக்கொண்டே இருக்கும், கையில் ஆற்றல் சேராது. ஆர்சனைட் அதைவிடக் கொடியது. புரதங்களில் அருகருகே இரண்டு கந்தகம் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை எரிக்கும் நொதித் தொகுதியில் லிப்போயிக் அமிலம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் சரியாக இப்படி இரண்டு கந்தகங்கள் இருக்கின்றன. அங்கே ஆர்சனைட் உட்கார்ந்தால் செல்லின் அடுப்பே அணைந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் இதைப் புரிந்துகொண்டு, லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சுவாயுவுக்கு முறிமருந்து தேடினார்கள். அவர்கள் செய்த மருந்தான டைமெர்காப்ராலில் இருப்பதும் அருகருகே இரண்டு கந்தகம்தான். புரதத்தின் கந்தகத்தை விட்டுவிட்டு இதன் கந்தகத்தைப் பிடித்துக்கொள் என்று ஆர்சனிக்குக் காட்டும் தூண்டில் அது. இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

இனி பாக்டீரியா. எனக்கு இந்த விஷயத்தில் ஆசை வந்ததே இங்கேதான்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற ஒரு சாதாரண பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதனிடம் 'ஆர்ஸ்' என்ற மரபணுத் தொகுப்பு இருக்கிறது. ஆர்சனிக் இல்லாதபோது இந்த மரபணுக்கள் வேலை செய்யாது. ஆர்ஸ்-ஆர் என்ற சிறு புரதம் டி.என்.ஏ.யின்மேல் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆர்சனைட் உள்ளே வந்ததும் அந்தப் புரதத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களின் கந்தகத்தைப் போய்ப் பிடிக்கும். பிடித்த உடனே புரதத்தின் வடிவம் மாறும், டி.என்.ஏ.யிலிருந்து அது விலகிவிடும். பூட்டு திறந்தாயிற்று. பம்ப் செய்யும் மரபணு படிக்கப்பட்டு, ஆர்ஸ்-பி என்ற பம்ப் சவ்வில் வந்து உட்கார்ந்து, ஆர்சனைட்டை வெளியே தள்ளத் தொடங்கும். எந்தக் கந்தகப் பற்றால் ஆர்சனிக் கொல்கிறதோ, அதே பற்றையே காவல் மணியாக வைத்திருக்கிறது இந்தச் சின்ன உயிர். விஷம் குறைந்ததும் பூட்டு மறுபடி போய் உட்கார்ந்துவிடும். வேண்டாத நேரத்தில் பம்ப் செய்து ஆற்றலை வீணாக்காது. சில பாக்டீரியாக்களில் ஏ.டி.பி.யைச் செலவழித்துப் பம்பை இன்னும் வேகமாக இயக்கும் ஆர்ஸ்-ஏ என்ற கூட்டாளியும், ஆர்சனைட்டைச் செல்லுக்குள் அலையவிடாமல் பிடித்துப் போய் அதனிடம் கொடுக்கும் ஆர்ஸ்-டி என்ற ஆளும் உண்டு.

ஒரு முறை மாணவர்களுக்குக் காட்ட இரண்டு அகார் தட்டுகள் தயார் செய்தோம். இரண்டிலும் ஒரே அளவு ஆர்சனைட். ஒன்றில் இயல்பான ஈ.கோலை, மற்றதில் இந்த மரபணுத் தொகுப்பை மட்டும் நீக்கிய ஈ.கோலை. இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்திருந்து காலையில் எடுத்தபோது முதல் தட்டில் வெண்மையாக, மோர் சிந்திக் காய்ந்த மாதிரி வளர்ச்சி. இரண்டாவது தட்டு கழுவி வைத்த கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு பையன் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், ஒரு புள்ளிகூட இல்லை. வித்தியாசம் ஒரு செல்லில் இருக்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் மூன்றே மூன்று. 'பம்ப்' என்று கரும்பலகையில் நூறு முறை எழுதியிருந்தாலும் அவனுக்கு அது இப்படிப் புரிந்திருக்காது.

இதில் எல்லோரையும் குழப்பும் ஒரு இடம் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றான ஆர்ஸ்-சி என்ற நொதி, உள்ளே வந்த ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றுகிறது. ஆர்சனைட்தான் அதிகக் கொடியது என்று இப்போதுதானே சொன்னேன்? குறைந்த விஷத்தைக் கூடுதல் விஷமாக்குவது என்ன பாதுகாப்பு?

விஷத்தின் அளவைப் பார்க்காமல் அடையாளத்தைப் பாருங்கள், விளங்கும். ஆர்சனேட்டை வெளியே தள்ளும் பம்ப் ஒன்றைச் செல் வைத்துக்கொண்டால், அதே தோற்றமுள்ள பாஸ்பேட்டையும் அது வாரி வெளியே கொட்டிவிடும். செல்லுக்குள் பாஸ்பேட் எப்போதும் நிறைய இருக்கிறது, ஆர்சனேட் கொஞ்சம். அரிசி மூட்டையிலிருந்து அரிசி நிறத்திலேயே இருக்கும் கல்லைப் பொறுக்குகிற வேலை அது. அந்தக் கல்லுக்கு மட்டும் ஒரு நிறம் ஏற்றிவிட்டால்? ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக்குவது அதுதான். ஆர்சனைட் பாஸ்பேட் மாதிரி இல்லை, கந்தகத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதை மட்டும் பிடித்து வெளியேற்றும் புரதத்தைக் கட்ட முடியும். மாற்றுவதும் தள்ளுவதும் அடுத்தடுத்து நடப்பதால் ஆபத்து நிலைக்கும் நேரம் குறைவு.

இதன் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. பூமி தோன்றிய தொடக்கத்தில் காற்றில் ஆக்சிஜன் இல்லை. அன்றைய கடலில் இருந்த ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட். அதற்கான பம்ப்தான் முதலில் உருவாகியிருக்க வேண்டும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் பெருகிய பிறகுதான் ஆர்சனேட் பெரிய அளவில் வந்தது. புது விஷத்துக்குப் புதுப் பம்ப் கட்டாமல், இருக்கிற பழைய பம்போடு ஒரு மாற்று நொதியை முன்னால் சேர்த்துக்கொண்டன உயிர்கள். இந்த மாற்று நொதி பரிணாமத்தில் ஒரு முறை அல்ல, தனித்தனியாகக் குறைந்தது மூன்று முறை தோன்றியிருக்கிறது. ஈ.கோலையின் நொதியும், ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் நொதியும், ஈஸ்ட்டின் நொதியும் செய்வது ஒரே வேலை. வந்த வழி வேறு வேறு. இந்தத் துறையில் சைமன் சில்வர், பேரி ரோசன் இருவரின் பெயரையும் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். இந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அறிந்ததில் அவர்கள் பங்கு பெரியது. உயிரியலில் விதிவிலக்கு இல்லாத விதி கிடையாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்று ஆர்சனேட்டை ஒரு சர்க்கரைத் துண்டோடு ஒட்டி, அந்த ஒட்டுப்பொருளையே வெளியே தள்ளுகிறது. வெளியே போனதும் அது உதிர்ந்து மறுபடி ஆர்சனேட் ஆகிவிடும். அங்கேயும் செல் செய்திருப்பது ஓர் அடையாளத்தை ஒட்டியதுதான்.

நீங்கள் சொன்ன ஏரி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மோனோ ஏரியாக இருக்கும். 2010 டிசம்பரில், அங்கிருந்து எடுத்த ஜி.எஃப்.ஏ.ஜே-1 என்ற பாக்டீரியா தன் டி.என்.ஏ.யிலேயே பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்து வாழ்கிறது என்று 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. 2012இல் வேறு ஆய்வுக்கூடங்கள் சோதித்தபோது டி.என்.ஏ.யில் அப்படி ஆர்சனிக் இல்லை என்று தெரிந்தது. 2025இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையில் அந்த பாக்டீரியா வாழும் விதம் இதற்கு நேர்மாறானது. அதன் பாஸ்பேட்டைப் பிடிக்கும் புரதம் ஒன்றை ஆராய்ந்தவர்கள், பாஸ்பேட்டைவிட 4,500 மடங்கு ஆர்சனேட் சூழ்ந்திருந்தாலும் அது பாஸ்பேட்டையே தேர்ந்தெடுக்கிறது என்று காட்டினார்கள். ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் கோணம் சற்றுப் பிசகினாலும் ஏற்காத புரதம் அது. ஆர்சனிக்கை உண்டு வாழும் உயிர் என்று சொல்லப்பட்டது, ஆர்சனிக்கை வாசலிலேயே நிறுத்துவதில் கெட்டிக்கார உயிர் என்று தெரியவந்தது. எனக்கு முதல் செய்தியைவிட இந்த இரண்டாவது செய்தியில்தான் வியப்பு அதிகம்.

வாசலை மூடும் வித்தை இட்லி மாவிலும் ரொட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கும் தெரியும். ஆர்சனைட் வந்தால் கிளிசரால் கால்வாயை அடைத்துக்கொள்ளும். மீறி வந்ததை ஒரு பக்கம் சவ்வுப் பம்ப் வெளியே தள்ளும். இன்னொரு பக்கம் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு மூன்று சேர்ந்து ஓர் ஆர்சனைட்டைக் கட்டிப்பிடிக்கும். அந்தப் பொட்டலத்தை வாக்குவோல் என்ற நுண்குமிழிக்குள் இன்னொரு பம்ப் ஏற்றிப் பூட்டிவிடும். குளூட்டாதயோனிலும் கந்தகம்தான் பிடிக்கும் கை. நம் ஒவ்வொரு செல்லிலும் அது நிறைய இருக்கிறது.

செடிகளுக்குச் சிறுநீர் கிடையாது, ஓடவும் முடியாது. அதனால் பூட்டி வைப்பதில் அவை நம்மைவிடத் தேர்ந்தவை. குளூட்டாதயோனைச் சங்கிலியாகக் கோத்து பைட்டோகெலட்டின் என்று ஒன்றைச் செய்து, ஆர்சனைட்டை அதில் கட்டி, வாக்குவோலுக்குள் அடைக்கின்றன. நெல்லின் நிலைமை மட்டும் கொஞ்சம் பரிதாபம். நெற்பயிருக்கு சிலிக்கான் நிறைய வேண்டும். தண்டு நிமிர்ந்து நிற்பதும், இலை ஓரம் கையைக் கீறுவதும் அதனால்தான். சிலிக்கானை உறிஞ்ச வேரில் தனி வாசல் வைத்திருக்கிறது. நீர் தேங்கிய வயல் சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் ஆர்சனிக் ஆர்சனைட்டாகிறது. அது சிலிசிக் அமிலம் மாதிரியே மின்னேற்றமில்லாமல் அந்த வாசலில் நுழைந்துவிடுகிறது. ஜப்பானின் ஜியான் ஃபெங் மா குழு 2008இல் இதை நிறுவியது. தண்டின் கணுக்களில் உள்ள ஒரு பம்ப், மேலே ஏறும் ஆர்சனிக்கை வாக்குவோலில் பூட்டி நெல்மணிக்குப் போகாமல் பெருமளவு தடுக்கிறது. அந்தப் பம்ப் இல்லாத நெல்லில் அரிசியில் ஆர்சனிக் ஏறிவிடுகிறது. ஆர்சனிக் இல்லாத நல்ல தண்ணீரில் அரிசியைக் களைந்து, நிறைய நீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சி வடித்தால், அரிசியில் இருப்பதில் கணிசமான பகுதி கஞ்சியோடு போய்விடும். குக்கர் வருவதற்கு முன் நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தான் சோறு வடித்தார்கள்.

பூட்டுவதில் உச்சம் ஒரு பெரணி. டெரிஸ் விட்டாட்டா என்பது அறிவியல் பெயர். பழைய சுண்ணாம்புச் சுவர், கிணற்று உறை, ஈரமான செங்கல் இடுக்கு என்று நம் பக்கத்திலும் வளர்வதுதான். திருவல்லிக்கேணியில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றின் உள்சுவரில் இருந்தது. நடுக்காம்பின் இருபுறமும் நீள நீளமாக, ஏணிப்படி மாதிரி சிற்றிலைகள். திருப்பிப் பார்த்தால் இலை ஓரம் நெடுக வித்துத்தூள் பழுப்புக் கோடாக, கைத்தையல் போட்டது போல் ஓடும். சிறு வயதில் அதைக் கிள்ளிப் புறங்கையில் அழுத்தி விளையாடியிருக்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லீனா மா குழு 2001இல் இதே இனம் மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி, இலையின் உலர் எடையில் 2 சதவீதத்துக்கும் மேல் சேர்க்க வல்லது என்று காட்டியது. வேறு செடி அதில் நூறில் ஒரு பங்கு ஏறினாலே கருகிவிடும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வெளியே தள்ளப் பயன்படுத்தும் பம்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை இந்தப் பெரணி வாக்குவோல் சவ்வில் வைத்து, உள்நோக்கித் தள்ளுகிறது. இலையைக் கடிக்க வரும் பூச்சிகளை அந்த ஆர்சனிக் விரட்டுவதாகவும் ஆய்வுகள் உண்டு. கெட்ட மண்ணைச் சுத்தப்படுத்த இதை நடலாம். ஆனால் அறுத்த இலையை என்ன செய்வது என்ற கேள்வி வரும். எரித்தால் புகையில் போகும், உரமாக்கினால் மண்ணுக்கே திரும்பும்.

உருமாற்றும் வழி இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்சனிக் கலந்த பச்சை வண்ணத்தில் சுவர்த்தாள் ஒட்டிய ஈர வீடுகளில் பலர் நோயுற்றார்கள். 1890களில் இத்தாலியின் பார்டோலோமியோ கோசியோ, சுவரில் வளர்ந்த பூஞ்சணம் அந்த வண்ணத்திலிருந்து பூண்டு வாசம் உள்ள ஒரு வாயுவை உண்டாக்குகிறது என்று கண்டார். 1930களில் ஃபிரெடரிக் சேலஞ்சர் அது டிரைமெத்தில் ஆர்சைன் என்று அடையாளம் சொன்னார். பூஞ்சணம் ஆர்சனிக்மீது மூன்று மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு) ஒட்டிக் காற்றில் பறக்கவிட்டிருக்கிறது. கடலில் இது வேறு அழகில் நடக்கிறது. பாசிகள் ஆர்சனிக்கைச் சர்க்கரையோடு பிணைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்கும் உணவுச் சங்கிலியில் மீனிலும் இறாலிலும் அது பெரும்பாலும் ஆர்சனோபீட்டெயின் என்ற பொருளாகச் சேர்கிறது. காசிமேட்டில் வாங்கும் இறாலில் ஆர்சனிக் இருக்கிறது என்று யாராவது சோதனைத் தாளைக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஆர்சனோபீட்டெயின் நம் உடம்பில் எதையும் பிடிக்காமல், உருமாறாமல், சிறுநீரில் போய்விடும். ஆனால் சிறுநீரில் ஆர்சனிக் பரிசோதனை செய்யப் போகிறவர்கள் அதற்கு முன் சில நாள் மீன் சாப்பிடக் கூடாது. மொத்த அளவு மட்டும் பார்க்கும் சோதனையில் அது பெரிதாக ஏறிக் காட்டி, வீணாகக் கலங்க வைக்கும்.

இனி நம் உடம்பு. நம் கல்லீரலும் மெத்தில் ஒட்டும் வழியைத்தான் பிடித்திருக்கிறது. ஏ.எஸ்.3.எம்.டி. என்ற நொதி, ஆர்சனைட்டின்மேல் ஒரு மெத்திலையும் பிறகு இரண்டாவதையும் ஒட்டும். இரண்டு ஒட்டியது சிறுநீரில் எளிதாகப் போகும். உள்ளே வந்ததில் பெரும்பகுதி சில நாள்களில் வெளியேறிவிடும். குளூட்டாதயோன் கட்டிய பொட்டலங்களைக் கல்லீரல் செல்லின் பம்புகள் பித்தநீரில் தள்ளும். தலைமுடியிலும் நகத்திலும் கந்தகம் மிகுந்த கெரட்டின் என்ற புரதம் இருப்பதால் கொஞ்சம் அங்கே போய் ஒட்டும். தடயவியலில் முடியைச் சோதிப்பது இதனால்தான். செல்லுக்குள் ஒரு காவல் மணியும் இருக்கிறது. கீப்-1 என்ற புரதத்தின் கந்தகத்தை ஆர்சனைட் பிடித்தால், அதுவரை அதன் பிடியில் இருந்த நிர்ஃப்-2 என்ற இன்னொரு புரதம் விடுபட்டு உட்கருவுக்குப் போய், குளூட்டாதயோன் செய்யும் மரபணுக்களை முடுக்கும். பாக்டீரியாவின் ஆர்ஸ்-ஆர் பூட்டோடு இதற்கு உறவு எதுவும் இல்லை, ஆனால் யோசனை ஒன்றே.

இந்தக் காவலில் ஒரு விரிசல் இருக்கிறது. ஒரே மெத்தில் ஒட்டிய இடைநிலைப் பொருளின் ஒரு வடிவம் ஆர்சனைட்டைவிடவும் கொடியது. முதல் படி நடந்து இரண்டாவது படி தாமதமானால் அது உள்ளே தேங்கும். அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலையில் சான் அன்டோனியோ டி லாஸ் கோப்ரெஸ் என்ற ஊர். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் ஆர்சனிக் கலந்த நீரைக் குடித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் சிறுநீரில் இந்த இடைநிலைப் பொருள் மற்றவர்களைவிடக் குறைவு. இரண்டாவது படியை விரைவாக முடிக்கும் மரபணு வகை அவர்களிடையே பரவலாக இருப்பதாகவும், அது இயற்கைத் தேர்வால் பெருகியது என்பதற்கான தடயத்தையும் 2015இல் மரபணு ஆய்வு காட்டியது.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பழகியது தனி மனிதர் அல்ல. அந்த நீரில் பிழைக்காத எத்தனையோ பேரின் வம்சம் அற்றுப்போய், பல தலைமுறை கழித்து மிஞ்சியவர்களின் மரபணுவில் வந்தது அந்தத் தாங்கும் சக்தி. அவர்களுக்கும் அது முழுக் கவசம் அல்ல. நீங்களோ நானோ தினமும் கொஞ்சம் எடுத்தால் காவல் மணி அடித்துக்கொண்டே இருக்கும், குளூட்டாதயோன் செலவாகிக்கொண்டே இருக்கும், டி.என்.ஏ. பழுதுபார்க்கும் நொதிகள் தடுமாறும். வங்கத்தில் நடந்தது அதுதான். கிருமி கலந்த குட்டை நீருக்குப் பதில் நல்ல நீர் தருவதாக நம்பித்தான் 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அந்த வண்டல் மண்ணில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கை, காற்றில்லாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் இரும்பைக் கரைக்கும்போது நீரில் விட்டுவிட்டன. 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா நோயாளிகளின் உள்ளங்கையில் தடித்த முடிச்சுகளையும் உடம்பில் மழைத்துளி விழுந்தது போன்ற கறுப்புப் புள்ளிகளையும் கண்டு அடையாளம் சொன்னார். அவர்கள் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடித்திருந்தார்கள். பழகவில்லை. தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வந்தது. வங்கதேசத்தில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவாக இருந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது இரத்தத்தில் ஆர்சனிக் குறைந்தது. மெத்தில் ஒட்டக் கையிருப்பு கூடியதால் வந்த பலன் அது. கீரையும் பருப்பும் சாப்பிடுவது நல்லதுதான், ஆனால் கெட்ட நீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் அது ஈடுகட்டாது.

காவல் குறைந்த செல்லுக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவம் நல்லதற்குப் பயன்படுத்தியும் இருக்கிறது. ஏ.பி.எல். என்ற ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இன்று ஆர்சனிக் டிரையாக்சைடு முதல்தர மருந்து. நாம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே பொருளை, அளந்து, இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். சீனாவின் ஹார்பினில் 1970களில் தொடங்கியது இது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்துப் பெரும்பாலான நோயாளிகளைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். ஆர்சனிக் அந்தப் புற்றுச் செல்லின் ஆதாரப் புரதத்தில் உள்ள கந்தகத்தைப் பிடித்து அதைச் சிதைக்கிறது. குளூட்டாதயோன் குறைவாக உள்ள செல்கள் இந்த மருந்துக்கு எளிதில் மடிகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பாஷாணம் மருந்தாகிறதே என்று யாரும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. இதயத் துடிப்பை ஈ.சி.ஜி.யில் தொடர்ந்து கவனித்துக்கொண்டே கொடுக்கும் மருந்து அது.

நம் நிலத்தடி நீரைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பெரிய ஆர்சனிக் துயரம் கங்கை–பிரம்மபுத்திரா சமவெளியினுடையது. தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்த நிலத்தடி நீர்க் கேடு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஃபுளோரைடு. இருந்தாலும் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இங்கே பலர் தவறாக நினைப்பது இது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். குடிநீரில் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கண்ணுக்கோ நாக்கிற்கோ அது தெரியாது, சோதனைதான் வழி. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் மின்னேற்றமுள்ள ஆர்சனேட்டை நன்றாகத் தடுக்கும். மின்னேற்றமில்லாத ஆர்சனைட் செல்லின் கால்வாயில் நழுவுவது போலவே அந்தச் சவ்விலும் ஓரளவு நழுவிவிடும். அதனால் ஆர்சனிக் உள்ள ஊர்களில் நீரைச் சுத்திகரிக்கும்போது முதலில் குளோரின் போன்ற ஒன்றைச் சேர்த்து ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றிக்கொள்கிறார்கள், பாக்டீரியா செய்வதற்கு நேர் எதிர்த் திசையில். நம் கிண்டி ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழு உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டியில், இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நுண்துகள்களை இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானோடு கட்டியிருக்கிறார்கள். அது ஆர்சனேட், ஆர்சனைட் இரண்டையும் பிடிக்கும். வங்க மண்ணில் எந்த இரும்பிடமிருந்து ஆர்சனிக் நழுவியதோ, அதே இரும்பிடமே அதைத் திரும்ப ஒட்டவைக்கும் வேலை அது. மேற்கு வங்கத்தின் கிராமங்களில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.